பாலிகஞ்சில் ஓர் அறை

"பேர் என்னம்மா?" என்று கேட்டார் சாவித்ரி மாமி.

"கல்பனா, மாஷிமா."

"மாஷிமா என்ன மாஷிமா! வாய் நிறைய மாமின்னு கூப்பிடு. அப்பா என்ன பண்றார்?"

"ரயில்வே. சாந்த்ராகாச்சி யார்டுல ஃபிட்டர். அடுத்த மாசம் ரிடையர் ஆகறாரு."

"ராத்திரி எட்டுக்குள்ள வந்துடணும். பசங்க யாரும் வரப்படாது."

"எனக்கு ஃப்ரெண்டே இவ ஒருத்திதான்" என்று என்னைக் காட்டினாள்.

"இவளா? இவ வாயே திறக்க மாட்டாளே! அப்போ பயமில்லை." மாமி சிரித்தார். "தனியா அடுப்பு வேண்டாம். என் சமையலுள்ளயே பண்ணிக்கோ. ஒருநாள் அப்பாவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

மாமி வீடு பாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி. எங்கள் வீட்டிலோ ஆறு பேருக்கு இரண்டே அறை. அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு நடந்தே போகலாம்.

கல்பனா பிறந்ததே ரயில்வே குவார்ட்டர்ஸில். படித்தது வங்க மொழிப் பள்ளியில். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அப்பா உத்தமன் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குடும்பம் சேலம் பக்கம் போக வேண்டும். அவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வீட்டில் அறை கிடைத்தால் விட்டுவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் எங்களோடு வந்துவிடு என்று சொல்லியிருந்தார் அவர். கிடைத்த ஒரு வங்காளி வீட்டையும் வேண்டாம் என்றுவிட்டார். மற்ற வீடுகளில் வேலைக்குப் போகும் பெண்களைத்தான் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் உத்தமன் வந்தார். கையிலிருந்த பைக்கு வெளியே வெள்ளி வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வங்காளத்தில் நல்ல காரியத்துக்கு மீன் கொண்டுபோவது மங்கலம். யார்டில் அவர் பழகிய தமிழர்கள் எல்லோரும் மீன் சாப்பிடுகிறவர்கள். மாமியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

"முதல் தர இலிஷ், மாமி. நானே வெட்டிக் குடுத்துட்டுப் போகவா?"

மாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். "வேண்டாம், வேண்டாம். வாசல்லயே இருக்கட்டும்."

"கூச்சப்படாதீங்க. நமக்குள்ள என்ன?"

கல்பனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உத்தமன் அறையின் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், மின்விசிறியைச் சுழலவிட்டார். படியிறங்கும்போது, "தங்கமான மனுஷி. இனிமே எனக்குக் கவலையில்ல" என்றார்.

மீனைக் காவலாளி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் மாமி என்னைக் கூப்பிட்டார். "நல்ல பொண்ணுடி. அவர் மேலயும் தப்பில்லை. ஆனா சமையலுள் ஒண்ணுதானே? என்னால முடியாது. நீயே பக்குவமா சொல்லிடு."

வேறு அறை கிடைக்கவில்லை. கல்பனா படிப்பைப் பாதியில் விட்டுக் குடும்பத்தோடு போனாள். இப்போது சேலத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டு ஏறுகிறாளாம். அதையும் வங்க மொழியில்தான் எழுதி அனுப்புகிறாள்.

அன்று மாமியின் பதிலைக் கல்லூரி வாசலில் வைத்து நான் சொன்னபோது அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீனாலதான்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டி. மாமியோட சொந்தக்காரங்க யாரோ ரூம் கேட்டுட்டாங்கன்னு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. நான் சொன்னா என் குரல்லயே கண்டுபிடிச்சிடுவாரு."