நீலி கேட்ட சத்தம்

வெட்டும் ஆட்கள் வருவதற்கு முன் அரசாங்கக் காட்டுக்குள் போய், எடுக்க வேண்டிய மரங்களில் நீல வட்டம் போடுவது அவள் வேலை. எத்தனை தேய்த்தாலும் விரலிடுக்கில் பெயின்ட் போகாது. அதனால் நீலி என்றே பேர் விழுந்துவிட்டது.

பெரிய மரங்களை அவள் தொடமாட்டாள். அவற்றின் அடியில் நெருக்கியடித்து வளர்ந்த ஒல்லி மரங்களுக்குத்தான் வட்டம். ஒரு கோடையில் பக்கத்து மலையில் பிடித்த தீ, அப்படிப்பட்ட ஒல்லிகளை ஏணியாக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறி, மலையையே வழித்துத் துடைத்துவிட்டுப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

போன குளிர்காலத்தில் நாத்தனார் வீட்டுப் பின்சரிவுக்கு முறை வந்தது. காட்டோரக் கடைசி வீடு அது. தையல்காரியான நாத்தனார் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தாள்.

"அண்ணி, நான் பாத்து வளந்த மரங்க. உங்களுக்கு மனசே இல்லியா?"

"இருக்கறதாலதான் வந்தேன். தீ வந்தா முதல்ல உன் வீடுதான்." நீலிக்குக் கண் கலங்கியது.

"இந்த நீலிக்கண்ணீரையெல்லாம் எங்க அண்ணன்கிட்ட வச்சுக்குங்க."

அதோடு பேச்சு நின்றது. மரங்கள் விழுந்தன. சுள்ளிகளைக் குவித்து, மழைக்கு மறுநாள், தீ பரவாதபடி ஈரத்தோடு ஈரமாகப் பக்குவமாய் எரித்தார்கள்.

பனி விலகிய ஒரு காலையில் நீலி தனியாகச் சரிவைப் பார்க்கப் போனாள். வெயிலே பார்த்திராத மண்ணில் வெளிச்சம் பாய் விரித்திருந்தது. நகக்கண் அளவுக்குப் புல். மகரந்தம் பொன் தூளாக, விழலாமா வேண்டாமா என்று மிதந்தது. தூக்கத்தில் நடப்பவள்போல நடந்தவள் சட்டென்று நின்றாள். சருகு மூடிய பழைய ஓடைத் தடத்திலிருந்து முணுமுணுப்பு. ஆனால் வெட்டும்போதும் கூட நின்று கேட்ட பல வருட ரம்ப இரைச்சலில் அவள் காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம் உண்டு. எப்படி நம்புவது?

போய் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு, அப்புறம் பேசவே வேணாம். அங்க ஏதோ சத்தம் கேக்குது. நெசமா, இல்ல என் காது பண்ற வேலையா?"

கழுத்தில் டேப், உதட்டில் குண்டூசிகளோடு நாத்தனார் ஓடைத் தடம்வரை கூடவே வந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்திக்கொண்டு, வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"தண்ணி அண்ணி. கல்லுக்கடியில ஓடுது."

"உறிஞ்சற மரம் கொறஞ்சுதில்ல, அதான்னு நெனக்கிறேன்."

இருவரும் சருகை அள்ளிப் போட்டார்கள். விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு நெளிந்து வந்தது.

"மரத்துக்கு நான் அழுதது அழுததுதான். அதை வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள் நாத்தனார்.

"வாங்க வேணாம்."

நீலி பூட்ஸைக் கழற்றிக் காலை நனைத்தாள். இடுப்பு வாக்கி-டாக்கி இரண்டு முறை, "எங்க இருக்கீங்க?" என்றது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெயில் முழங்காலிலிருந்து மெல்ல மடிக்கு ஏறியது.