பஸ்ஸில் கேட்ட ஹார்ன்

இன்று கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரி ஒன்று நீளமாக ஹார்ன் அடித்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

பக்கத்திலிருந்த அக்கா, "என்னாச்சும்மா?" என்றார்.

"போன அலைச்சறுக்குப் போட்டியில ஆரம்ப ஹார்ன் அடிச்சதும் பலகையோட கடல்ல பாஞ்சேன்க்கா. அலை என்னைத் தண்ணிக்கு அடியிலயே அமுக்கி வச்சிருச்சு. அதிலேருந்து எந்த ஹார்ன் கேட்டாலும் இப்படித்தான்."

"அப்ப விட்டுரு லா."

"சனிக்கிழமை மறுபடியும் போட்டி இருக்கு."

அவர் மடியிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கேக்கவே பயமா இருக்கு," என்றார். ஊர் வரும்வரை விடவில்லை.

சனிக்கிழமை தண்ணீரில் யார் கையும் இருக்காது.

போட்டிக்குப் போகிறவர்களே, ஹார்ன் அடித்ததும் நீங்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? பலகையை என்று மட்டும் சொல்லாதீர்கள்.