பின் டயருக்கு ஒரு டீவியேஷன்

மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்த மறுவாரம் என் மனைவி நிபந்தனை போட்டாள். "டயரை மாத்துங்க. நானும் கூட வந்து பார்க்கிறேன். அப்புறம்தான் பின்னாடி உக்காருவேன்."

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற கையோடு, நெடும்பயணத்துக்கென்றே செய்த கனமான மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். போன மழையில் சேரப்பணஞ்சேரி வளைவில் அதன் பின்சக்கரம் வழுக்கியது. எனக்குச் சிராய்ப்பு, அவளுக்கு எலும்பு முறிவு. சாலையில் மண் சிந்திப்போன லாரிக்காரனை உறவினர் அனைவரும் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

அளவு தவறிய பாகத்தை 'இந்த ஒரு லாட் மட்டும்' என்று கையெழுத்திட்டு உற்பத்தி லைனுக்கு அனுப்புவதற்குத் தொழிற்சாலையில் டீவியேஷன் என்று பெயர். கேட்டு வந்தவர்களை எல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவன் நான். அதற்காக என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயரும் தெரியும்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. தேய்ந்து அவற்றோடு சமமானால் மாற்றிவிட வேண்டும். வழுக்கி விழுந்த அன்று காலை குனிந்து பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. மாற்று டயரை நான் இன்னும் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை. கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், மென் ரப்பர் ஈரத்தில் பிடிக்கும் என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரியான டயரைத் தேடியவன் மொட்டை டயரில் மனைவியை ஏற்றினேன். சிங்கப்பெருமாள் கோவில் வரைதானே என்று நினைத்தேன். நான் கொடுத்த ஒரே டீவியேஷன் அது.

டயர் கடைக்கு வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். தேய்ந்த டயரில் ஓட்டக்கூடாது என்ற விதி இப்போது எனக்கு நினைவு வந்துவிட்டிருந்தது. அவள் எதிர்க்கடையில் டீ வாங்கப் போயிருந்தபோது கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், டயர்ல பட்டனே இல்ல, மொட்டையா கீது. இதுலயா அம்மாவ இட்டுக்கினு போனீங்கோ?"

"மெதுவா பேசுங்க."

அவள் டீயோடு வந்து லாரிக்கதையைத் தொடங்கினாள். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாம்மா, லாரிக்காரனுங்க அப்டித்தான்" என்றார்.

குறையுள்ள சரக்கை மறைக்க உதவும் ஆட்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். எனக்கே ஒருவர் அப்படி அமைந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"மண்ணு இருந்தது. ஆனா டயரும் தேஞ்சிருந்தது. அன்னிக்குக் காலையிலயே பார்த்தேன்" என்றேன்.

"பார்த்துட்டுமா என்னை ஏத்தினீங்க?"

"ஆமா."

கடைக்காரர் அவசரமாக ஸ்பேனர் தேடப் போனார்.

"கம்பெனியில இப்படிப் பண்ணினவனை என்ன செய்வீங்க?"

"லைன்ல விடமாட்டேன்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டாள். "ஈரத்துல வழுக்காததா போடுங்க. சீக்கிரம் தேஞ்சா தேயட்டும்." நான் வாரக்கணக்கில் எடுக்காத முடிவு.

"புது டயரு சார். மேல வழவழப்பு போற வரிக்கும் நிதானமா ஓட்டுங்கோ" என்றார் அவர். பின்னால் உட்காராமல் இருக்க அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வழவழப்பு போய் வெகுநாளாகிறது. காலையில் நான் வண்டியை வெளியே எடுக்கும்போது அவள் வந்து குனிந்து டயரைப் பார்க்கிறாள். "நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். பிறகு காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடக்கிறாள்.