மூன்றாம் தடவை திறந்த பேட்டரி

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் ஹைபிரிட் காரின் பேட்டரிப் பெட்டியைத் திறக்கத் துணிந்த ஒரே ஆள் சவரியப்பன்தான். மற்ற பட்டறைக்காரர்கள் அந்த ஆரஞ்சு நிற வயரைப் பார்த்ததுமே, "ஷாக் அடிச்சா ஆளே காலிதான்" என்று நழுவிவிடுவார்கள். சவரியப்பன் ரப்பர் கையுறையை மாட்டி, பாதுகாப்பு பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, நிதானமாக ஒரு கோப்பி குடித்த பிறகுதான் பெட்டியில் கை வைப்பார். ஐம்பது வயதுவரை ஏர்கோன் பழுது பார்த்தவர் அவர். யூடியூபைப் பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலைத் தானே கற்றுக்கொண்டார். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

"பேட்டரிய முழுசா மாத்தச் சொல்றவன் சோம்பேறி. உள்ள இருபத்தெட்டு மோடியூல், குட்டிக் குட்டி பேட்டரியா, வரிசையா நிக்குது. செத்தது ரெண்டோ மூணோதான். அதை மட்டும் மாத்தினா வண்டி பறக்கும்" என்பார்.

இந்தப் பேச்சுக்கு ஆப்பு வைத்தது கலைமகளின் கார். கலைமகள் புக்கிட் பெருவாங்கில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். முதல் தடவை இரண்டு மோடியூல்கள் போயின, மாற்றினார். நாலே மாதத்தில் மூன்று போயின, மாற்றினார். "இனி ஒண்ணும் ஆகாதும்மா, அண்ணன் இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டி அனுப்பி வைத்தார். மூன்றாம் தடவை கார் ஹைவே ஓரத்தில் நின்றபோது, உள்ளே முழு அலங்காரத்தோடு ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படியோ வேறு காரில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கலைமகள் இழுவை லாரியில் நேராகப் பட்டறை வாசலில் வந்து இறங்கினாள்.

"அண்ணே, எங்க மேக்கப் குரூப்புல நூத்தி எண்பது பேர் இருக்கோம். உங்களப் பத்தி நான் என்ன எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க."

சவரியப்பன் காரை உள்ளே இறக்கச் சொன்னார். அவரிடம் வருகிற கார்களில் பாதி அந்தக் குரூப் சொல்லி வருபவைதான். அவள் ஒரு வரி எழுதினால் போதும், சம்பாதித்த பெயர் சாயங்காலத்துக்குள் சந்தி சிரித்துவிடும்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தார். பேட்டரிப் பெட்டி இருப்பது பின்சீட்டுக்குப் பின்னால்; அந்தச் சீட்டு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலைத் திறப்பு உண்டு. அதன்மேல் கலைமகள் ஒரு முருகன் படத்தைக் கட்டி வைத்திருந்தாள். சவரியப்பன் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்தான், ஆனாலும் அடுத்தவர் சாமிப் படத்தை அலட்சியமாகக் கழற்றிப் போட அவருக்கு மனசு வராது. அவள் காரில் கை வைக்கும் நாளில் காலைப் பசியாறலில் கருவாட்டுச் சம்பல்கூடத் தொடமாட்டார். கை கழுவி, படத்தை அவிழ்த்து, வெள்ளைத் துண்டில் சுற்றி, கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே பக்தியாகத் திரும்பக் கட்டுவார். போன தடவை புதுக் கேபிள் டை வாங்கி, ஆடாமல் இறுக்கிக் கட்டினார்.

பெட்டியைத் திறந்தால் மறுபடியும் நடுவில் நிற்கிற மோடியூல்கள்தான் வீங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பல்பு மாட்டிப் பார்த்தார், பொசுக்கென்று மங்கியது. நடுவில் இருப்பவையே சாகின்றன என்றால் காரணம் சூடுதான். சூட்டைத் தணிக்கக் காற்று இழுக்கும் விசிறியைக் கழற்றினார். விசிறி புதுசு போலப் பளபளத்தது. முன்பு இரண்டு தடவையும், "வண்டிய எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கு இந்தப் புள்ள!" என்று மெச்சிக்கொண்டவர், இந்தத் தடவை விசிறியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தினமும் ஓடுகிற காரின் விசிறியில் தூசே இல்லை என்றால், அந்த வழியில் காற்றே வரவில்லை என்றுதானே அர்த்தம்?

வலைத் திறப்பைப் பார்த்தார். மாதாவுக்குப் பக்கத்தில் இருந்த முருகனைப் பார்த்தார். அளவெடுத்துச் செய்த மூடி போலப் படம் அந்தத் திறப்புக்கு அவ்வளவு கச்சிதம். "ஆண்டவரே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

படத்தை முன்பக்கம் மாற்றி வைத்துவிட்டு, 'வந்த மோடியூல் சரக்கு சரியில்லை' என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? மோடியூல்களை மாற்றி முடிக்கும்வரை அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம், "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே கலைமகள் உள்ளே வந்ததும் பொய் நாக்கைத் தாண்டி வரவில்லை.

"பேட்டரி மூச்சு விடுற வழி இதுதாம்மா. படம் அதை அடைச்சிருச்சு."

கலைமகளின் முகம் வெளுத்துவிட்டது. "முருகனாண்ணே?"

"முருகன் என்னம்மா செஞ்சாரு? நீ தெரியாம வெச்சே. ரெண்டு தடவை கழட்டிப் பாத்தவன் நான். ரெண்டு தடவையும் யோசிக்காம அங்கயே கட்டினவனும் நான்தான். குரூப்புல அப்படியே எழுதிக்க. தப்பு என்னோடது."

அவள் படத்தை வாங்கி முன்சீட்டில் வைத்தாள், போனில் ஏதோ மளமளவென்று தட்டினாள், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சவரியப்பன் இறுகியிருந்த நட்டையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டு நின்றார்.

அரைமணி நேரத்தில் போன் அடித்தது. 'போச்சு, ஆரம்பிச்சாச்சு' என்று எடுத்தார். பாயா ரும்புட்டிலிருந்து ஷாந்தினி என்று ஒரு பெண், அதே குரூப்பாம்.

"அண்ணே, என் வண்டியிலயும் பிள்ளையார் அந்த எடத்துலதான் உக்காந்திருக்காரு. இப்ப என்னண்ணே செய்யுறது?"

"கலைமகள் என்னம்மா எழுதிச்சு?"

"'தான் செஞ்ச தப்பத் தானே சொல்ற மெக்கானிக்க இப்பதான் பாக்குறேன், பயப்படாம வண்டியக் குடுங்க'ன்னு எழுதியிருந்துச்சுண்ணே."

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலையில வண்டியக் கொண்டாம்மா, பாத்துடலாம். அதுவரைக்கும் பிள்ளையார முன்சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட்டப் போட்டுடு."