மேடைக்கு அடியில் மாமி

வலதுகால் செருப்பு மட்டும் காலில் இருக்க, மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடிவந்த மாமாவின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை கிடைத்து, கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைக்கு வந்து, அம்மாவின் தம்பியான அவருடைய வீட்டில் நான் தங்கியிருந்த காலம் அது. மாமா மூதூருக்குப் போய்வரும் லோஞ்சுப் படகை ஓட்டுபவர். அலை எவ்வளவு எழும்பினாலும் வாயிலிருந்து பீடியை எடுக்காத மனிதர். அவர்தான் அன்று பின்னேரம் கதிரையில் பொத்தென்று விழுந்து, "பேய் கதைச்சது பிள்ளை! என்ர காலுக்குக் கீழ!" என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் வழியிலிருந்த பழைய நாடகக் கொட்டகையைப் பற்றி ஊரில் கதைகளுக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரரின் கப்பற்படை இங்கே நின்ற காலத்தில் பாட வந்த ஒருத்தி, காய்ச்சலில் மேடையிலேயே விழுந்து செத்தாளாம். முடிக்காத பாட்டை இன்னும் முணுமுணுக்கிறாளாம். நாடகம் பார்க்கப் போய் முன்வரிசையில் இருந்த மாமாவுக்குத்தான் அந்த முணுமுணுப்புக் கேட்டிருக்கிறது.

"வெள்ளைக்காரி தமிழிலயோ மாமா கதைச்சவ?"

"இத்தனை வருசம் இஞ்ச கிடந்தால் தமிழ் பழகமாட்டாளோ?" என்று சீறினார். இனி இந்த வீட்டு ஆட்கள் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார்.

சற்றுப் பிந்தி, தையல் வகுப்புக்குப் போயிருந்த மாமி வந்தார். கதையைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். பயந்து அழுகிறார் என்று அடுப்படி வரை பின்னால் போனேன். மாமி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தானடி," என்றார்.

மேடையின் முன்விளிம்பில், பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி பலகையால் மறைத்த ஒரு குழி இருந்தது. நடிப்பவர்கள் வசனத்தை மறந்தால் அதற்குள் இருந்து மெல்ல எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். தையல் வகுப்புச் சிநேகிதி ஒருத்தி கூட்டிப்போக, அன்றுதான் மாமி முதன்முதலாக அந்தக் குழிக்குள் இறங்கியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொல்லத்தான் இருந்தார். "இப்ப சொன்னால் ஊரே மனுசனைப் பார்த்துச் சிரிக்கும். கொஞ்சம் ஆறட்டும்," என்றார்.

அது ஆற இரண்டு வருடம் சென்றது. அதுவரை தையல் வகுப்பென்று சொல்லியே மாமி குழிக்குப் போய்வந்தார். வீட்டில் அளந்து பேசும் மாமியை அந்தக் குழிக்குள் பார்க்க வேண்டும். நானும் களவாகக் கூடப்போய்ப் பக்கத்தில் குந்தியிருப்பேன். சின்ன மின்குமிழ் வெளிச்சத்தில், நாடகக் கொப்பியைப் பாராமலே, அரசனுக்கு ஒரு முகமும் பிச்சைக்காரிக்கு இன்னொரு முகமுமாக அவர் வசனம் சொல்வார். நீங்களே நடிக்கலாமே என்று கேட்டால், "மேல ஏறினால் முகம் தெரியுமே," என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போகும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின்னேரக் காட்சி, கொட்டகை நிறையச் சனம். தாயாக நடிக்க வேண்டியவர் மூதூரில் நின்றார். கடல் கொந்தளிப்பென்று லோஞ்சு ஓடவில்லை. நிறுத்தியவர் என் மாமாவேதான். நாடக மன்றத்துச் செயலாளர் குழியருகே முழங்காலில் குந்தி, "அக்கா, முழு வசனமும் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான்," என்று கெஞ்சினார். மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பின் கொப்பியை என் கையில் வைத்துவிட்டு மேலே ஏறினார்.

முதற்காட்சியில் ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் லோஞ்சில்லாமல் தேத்தண்ணிக் கடையில் இருந்த மாமாவிடம் யாரோ, உங்கட மனிசி மேடையில நிக்கிறா என்று சொல்லிவிட்டார்கள். பலகை இடுக்கால் பார்த்த எனக்கு, முன்வரிசைக்கு வந்து நின்ற இரண்டு கால்கள் தெரிந்தன. மாமாவின் கால்கள். மாமியும் கண்டுவிட்டார். அவர் குரல் அப்படியே நின்றுபோனது. சபையே காத்திருந்தது.

"மகனே, கதவைத் திற," என்று கீழிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தேன். மாமியிடம் அசைவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

அந்தக் கால்கள் துள்ளின. அதே முணுமுணுப்பு, அதே இடத்தில்! இந்த முறை மாமா வாசற்பக்கம் ஓடவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் பாய்ந்து ஏறி, மாமியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து, தரையைப் பார்த்துக் கத்தினார்: "என்னை எடு! அவளை விடு!"

இதுவும் நாடகமென்று நினைத்த சனம் கைதட்டிக் கொட்டகையை அதிரவைத்தது.

மாமி அவர் கையைப் பிடித்தார். "இஞ்சாருங்கோ, பேயில்லை. கீழ இருக்கிறது எங்கட பிள்ளை."

நான் தலையை வெளியே நீட்டினேன். மாமா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "அப்ப அண்டைக்கு?"

"அண்டைக்கு நான்."

கோபித்துக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மாமா சிரிக்கத் தொடங்கினார். லோஞ்சு இயந்திரச் சத்தத்தை மீறிக் கரைக்குக் கேட்கும் சிரிப்பு அது. சபையும் சேர்ந்து சிரித்து ஓய்ந்தபின் கீழே இறங்கி, முன்வரிசை நடுவில் இருந்து, "இனி நடத்துங்கோ," என்றார். மாமி மிச்ச நாடகத்தை ஒரு பிசகில்லாமல் நடித்து முடித்தார். கடைசிக் காட்சியில் மாமா சாரத்து நுனியால் கண்ணைத் துடைப்பது எனக்கு இடுக்கால் தெரிந்தது. அதன்பின் மாமி ஒருநாளும் குழிக்குள் இறங்கவில்லை. கலியாணமாகித் தம்பலகாமம் போகும்வரை அது என்னுடைய இடமாயிற்று.

போன மாதம் அந்தக் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டு மறுபடி திறந்தார்கள். இப்போது மேடை முழுக்க ஒலிவாங்கிகள். குழியைப் பலகையடித்து மூடிவிட்டார்கள். மாமாவையும் மாமியையும் நான்தான் கூட்டிப்போனேன். ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, "ஐயா, இஞ்ச முந்திப் பேய் இருந்ததாமே, உண்மையோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றார் மாமா, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். "என்னைப் பிடிச்சு மேடையிலயே ஏத்தினது."

"பிடிச்சது இன்னும் விடேல்லை," என்றார் மாமி.