விரலைத் துடைத்துவிட்ட அக்கா

காப்பீட்டு அட்டை கிடைத்தால்தான் என் மனைவிக்கு இதய ஆபரேஷன் நடக்கும். தென்காசியில் அட்டைக்குப் பதியும் இடத்தில் இயந்திரம் அவள் கைரேகையை ஏற்கவே இல்லை. பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. யாரிடம் கேட்பதென்று தெரியாமல் கூச்சத்தோடு நின்றேன்.

வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் விரல் துடைத்துக்கொண்டிருந்த ஒல்லியான அக்கா ஒருவர், தோளில் கிடந்த ஈரத்துண்டோடு எங்களிடம் வந்தார்.

"பதறாத ஏட்டி, கை நடுங்குனா ரேகை விழாது. பீடி இலை வெட்டுத கைய விடு. மத்த கையில மோதிர விரலக் கொண்டா."

துடைத்து, வாயால் ஊதி, மெல்ல அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஒன் வீட்டுக்காரரு மூச்சு விடுதாரான்னு பாரு," என்று அவளிடம் சிரித்தார். அதுவரை நான் விடவில்லைதான்.

"நீங்க கார்டு எடுத்துட்டீகளா அக்கா?" என்று தயங்கிக் கேட்டேன்.

பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "நானும் பீடிக்காரிதான் அண்ணாச்சி. ஒண்ணுகூட விழமாட்டேங்கு. தெனமும் வச்சுப் பாக்கேன்."

மனைவி இப்போது நன்றாக நடமாடுகிறாள். ஆனால் குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் அடிக்கும் நாட்களில், அந்த அக்காவுக்கு ஒரு காய்ச்சலும் வந்துவிடக் கூடாதே என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.