துபாஷியின் வெள்ளைக் கோட்டு

நீங்கள் எப்போதாவது இன்னொருவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு நூறு பேர் முன்னால் பேசியிருக்கிறீர்களா? நான் பேசியிருக்கிறேன். மெடலும் வாங்கியிருக்கிறேன்.

அப்பா சிங்கப்பூரில், டோபி காட் என்கிற வண்ணான்துறையில் துணி வெளுப்பவர். ஓடைக்கரையில் ஏழாவது கல் அவருடையது. எங்களுக்கு வருகிற துணியில் முக்கியமானது கோர்ட்டு துபாஷி வீட்டுத் துணி. நீதிபதி சொல்வதைத் தமிழிலும் சாட்சி சொல்வதை இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்கிற உத்தியோகம் அவருக்கு. அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் கோர்ட்டு குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் அப்பாவிடம் துணி போட்டார்கள். அவர் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள். வீட்டில் யாரும் இதைப் பேசியதில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி ஆன துணி, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் முன் ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டுப் போகும். கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டு, பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு வேட்டி. விதி ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாது.

எனக்குப் பதினைந்து வயதானபோது சிராங்கூன் ரோட்டில் ஒரு சபை, பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தது. தலைப்பு, காலந்தவறாமை. கோட்டு அணிந்துதான் மேடையேற வேண்டும் என்று நோட்டீஸில் கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். என்னிடம் வாய் இருந்தது, கோட்டு இல்லை. அப்பாதான் எடுத்துக் கொடுத்தார், துபாஷியின் வெள்ளைக் கோட்டை.

"ஐயா கேசு விஷயமா மலாக்கா போயிருக்காரு. திங்கக்கெழமதான் வருவாரு. போட்டுட்டுப் போ. கறை கிறை பட்டுச்சு, தோல உரிச்சுருவேன்."

துபாஷி குள்ளம். அதனால் எனக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றதோடு சேரவில்லை. முன்பு எப்போதோ கல்லில் அடித்தபோது சிப்பிப் பொத்தான் உடைந்துபோய், அம்மா அந்த இடத்தில் ஒரு எலும்புப் பொத்தானைத் தைத்திருந்தாள்.

சபை வாசலில் என் வகுப்புத் தோழன் நின்றான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மசாலா மண்டி வைத்திருந்த மரைக்காயர் மகன்.

"அடேங்கப்பா, மாப்ள வந்தாச்சு! பொண்ணு எங்கடா?"

"நீ ஒத்திகை பாத்தத கேட்டுட்டு ஓடிப்போச்சு லா."

நான்காவதாகக் கூப்பிட்டார்கள். ஏறினேன். எதிரே தீர்ப்புச் சொல்ல மூன்று நாற்காலி. நடு நாற்காலியில் துபாஷி உட்கார்ந்திருந்தார்.

வழக்கு சீக்கிரம் முடிந்து அன்று காலையே ஊர் வந்துவிட்டாராம். மத்தியானம் கோட்டைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு வேறு பதில் தோன்றவில்லை. "மழை பேஞ்சுச்சில்ல, இன்னும் காயல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான்கு நாளாக வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மேடையில் தெரிந்தது, அவர் முழங்கை தேய்ந்த ஒரு பழுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது மட்டும்.

பேசினேன். பயந்தேனா என்று கேட்டால் இல்லை. பல் பிடுங்க மருந்து வைத்த வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. வாய் தன் பாட்டுக்கு ஓடியது. சொன்ன பொருளைச் சொன்ன நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனே மனிதன் என்று கையை நீட்டி முழங்கினேன். கைதட்டினார்கள். துபாஷியும் தட்டினார்.

எனக்குத்தான் முதல் பரிசு. அவரே எழுந்து வந்து மெடலைக் குத்தினார். குத்தும்போது அவர் விரல் மூன்றாவது பொத்தானில் நின்றது. அதை ஒருமுறை திருகிப் பார்த்தார்.

"காஞ்சிருச்சா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"காஞ்சிருச்சுங்கய்யா."

"நல்லாப் பேசுன." ஊசியை மாட்டிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

சபையில் நடந்ததை வீட்டில் சொன்னேன். அப்பா திட்டவில்லை. கோட்டைக் கழற்றச் சொல்லி, மெடல் ஊசி போட்ட இரண்டு ஓட்டைகளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். விடிந்ததும் மறுபடி வெளுத்தார். இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனவர், ஒரு மணி நேரத்தில் அதே கோட்டோடு திரும்பி வந்தார்.

"பையனே வச்சுக்கட்டும்னுட்டாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் அம்மா.

"இனிமே துணியெடுக்க வர வேணாம்னாரு."

சண்டை இல்லை, கூச்சல் இல்லை. அடுத்த வாரம் இரண்டு குமாஸ்தா வீட்டில் துணி இல்லை என்றார்கள். மாதம் முடிவதற்குள் கோர்ட்டுத் துணி மொத்தமும் நின்றது. ஏழாவது கல்லில் வேறொருவர் துவைத்தார்.

மெடலைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் சிபாரிசு எழுதினார். மதராஸ் போய்க் காலேஜ் முடித்தேன். நாலு வருஷமும் அந்தக் கோட்டுதான். அங்கேயும் மேடை ஏறினேன், ஜெயித்தேன். இதை எழுதும்போது ஏதாவது தோன்ற வேண்டும் இல்லையா? ஒன்றும் தோன்றவில்லை. ஊர் திரும்பி, வேலை கிடைத்த கப்பல் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அப்பா கூலிக்கு ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறார்.